அரைக்கண் பிராணிகள்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. போட்டோக் கொப்பி அடிப்பேன், கலியாணக் கார்ட் செய்வேன், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பேன். பிரான்சிஸ்காவின் கடை எது என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. சத்தம் போடுகிற அக்காவின் கடை எது என்று கேட்டால் ரோட்டில் நிற்கிற கழுதையும் வழி காட்டும். உண்மையில் நான் சத்தம் போடுவதில்லை. இந்தத் தீவில் எந்நேரமும் காற்று. மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

அது கிடக்கட்டும், இது என்னைப் பற்றிய கதை இல்லை. என் கடையின் பின்பக்கம், ஜன்னலோடு ஒட்டின மேசையில் இருந்து உலகத்தில் இல்லாத பிராணிகளைப் படமாகக் கீறுகிற நுஸ்ரியாவின் கதை.

நுஸ்ரியா பக்கத்து ஊரான தாராபுரத்தில் இருக்கிறாள். புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள். சண்டை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது பள்ளிக்கூடப் பிள்ளை. புருஷன் பவ்ஸான் மீன் வாங்கி லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறான். ஒரு நாள் ஏதோ கொப்பி அடிக்க வந்தவள், முறை வரும்வரை சும்மா நிற்காமல், என் மேசையில் கிடந்த பழுதான தாளின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்த்தேன். நண்டு. ஆனால் நண்டுக்கு வாய் இருக்கவேண்டிய இடத்தில் தேங்காய் துருவுகிற திருவலை. அந்தப் பல்லு வட்டத்தைக் கண்டதும் எனக்கு உடம்பு கூசியது, சிரிப்பும் வந்தது.

"இதென்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"நண்டுக்குத் தேங்காய்ப்பூ தின்ன ஆசை வந்தா என்ன செய்யும் எண்டு யோசிச்சனான் அக்கா" என்றாள், நான் ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல.

அன்றைக்கே அவளைக் கலியாணக் கார்ட் வேலைக்கு எடுத்துக்கொண்டேன். பிறகு, ஃபோனில் விளையாடும் விளையாட்டுகள் செய்கிற கொழும்புக் கொம்பனி ஒன்று படம் கீறுகிறவர்களைத் தேடியபோது, அவளைக் கேட்காமலே அந்த நண்டை அனுப்பிவைத்ததும் நான்தான். கேட்டிருந்தால் வெட்கப்பட்டு வேண்டாம் என்றிருப்பாள். அவர்கள் உடனே அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

விளையாட்டின் பெயர் 'உப்புத்தீவு'. ஓர் உப்புத் தீவில் விசித்திரமான பிராணிகள் திரியும். விளையாடுகிறவர் அவற்றைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு பாகம், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வெளிவரும். தொடங்கும்போது திரையில் 'பிராணிகள்: நுஸ்ரியா' என்று ஒரு வரி வந்து மறையும். அவள் விளையாடமாட்டாள். அந்த வரி வரும்வரை திறந்து வைத்திருப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். நான் கண்டும் காணாததுபோல இருப்பேன்.

இந்த வேலைக்குள் அவளுடைய மாமி, பவ்ஸானின் தாய் நசீறா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. "அல்லாஹ் படைச்ச சீவனை நீ திரும்பக் கீறக்கூடாது மகள். அவன் படைக்காததைக் கீறு, நான் வாய் திறக்கமாட்டன்" என்று சொல்லியிருந்தா. மார்க்கத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அது மாமியின் சொந்தச் சட்டம் என்பது மட்டும் தெரியும். சந்தைக்கு வருகிற நாட்களில் மாமி என் கடைக்கு வந்து கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்பா.

"இது ஆடு. கொம்பை முறுக்கிவிட்டா ஆடு இல்லையெண்டு போகுமா?"

ஆடு போய்விடும். நுஸ்ரியா மறுபேச்சுப் பேசாமல் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். இந்தத் தொல்லையில் இருந்துதான் அவளுக்கு ஒரு முறை கிடைத்தது. ஒரு பிராணிக்குக் கடலில் இருந்து ஓர் உறுப்பு எடுப்பாள், தரையில் இருந்து ஒன்று, மூன்றாவதைக் குசினியில் இருந்து எடுப்பாள். இடியப்ப உரலை முதுகில் சுமந்த ஆமை அப்படி வந்தது. ஆட்டுக்கல்லுக் கால் வைத்த கொக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ராஜாவாக, கழுதைக் காதும் முளைத்துக்கொண்ட அந்த முதல் நண்டு, திருவலையன். அந்த நாட்களில் மாமியின் கண்ணைத் தாண்டின பிராணி கொழும்பில் தோற்றதில்லை.

மூன்று பாகம் நன்றாகப் போனது. நாலாவதில்தான் வினை வந்தது. கொம்பனி, "திருவலையனைச் சனத்துக்குப் பிடிச்சிருக்கு, அதேமாதிரி இன்னும் தாங்கோ" என்று கேட்டது. இவளும் நீலத் திருவலையன், செட்டை முளைத்த திருவலையன், குட்டித் திருவலையன் என்று கொடுத்தாள். விளையாடுகிறவர்கள் சும்மா விடுவார்களா? கீழே எழுதித் தள்ளினார்கள். அரைச்ச மாவையே அரைக்கிறா என்று ஒருவர். பழைய கள்ளு புது மொந்தை என்று இன்னொருவர். பெயின்ற் அடிச்சா புதுசாகிடுமோ என்று கேட்டதற்கு ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். கேட்டதும் கொம்பனி, இப்போது சனத்தோடு சேர்ந்து குறை பிடித்ததும் கொம்பனி. எனக்கு வந்த கோபத்தில் கொப்பி மெஷினை ஓர் உதை உதைத்தேன், அது இரண்டு நாள் வேலை செய்யவில்லை.

ஐந்தாம் பாகத்துக்கு நிதர்சன் வீடியோவில் வந்தான். கொம்பனியில் நுஸ்ரியாவோடு பேசுகிற ஆள் அவன், கொழும்பில் பிறந்து வளர்ந்த பெடியன், தங்கமான குணம். அன்றைக்கு அவன் முகமே சரியில்லை.

"அக்கா, இந்த முறை தலைமைப் பிராணி ஒண்டு வேணும். இதுவரை ஒருத்தரும் காணாத மாதிரி. இல்லாட்டி கொம்பனிப் பெரியவர் வேற யோசனை வைச்சிருக்கிறார். கொம்பியூட்டரே தானாக் கீறுதாம், ஆளே தேவையில்லையாம்."

நுஸ்ரியா சரி என்று தலையாட்டினாள். திரையை மூடிவிட்டு அழுதாள். "அந்தப் பேர் போயிடும் அக்கா" என்றாள். உப்புத்தீவு கைவிட்டுப் போனால் அவளுக்கு மிச்சம், கலியாணக் கார்ட்டின் மூலையில் ரோசாப்பூ வைக்கிற வேலைதான். நான் ஆறுதல் சொல்லப் போனால் அது ஏச்சாகத்தான் வாயில் வரும். அதனால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் கீறினாள். அனுப்பினாள். எல்லாம் திரும்பி வந்தன. கடைசியில் நிதர்சன் நாலு பாகத்துப் பிராணிகளையும் ஒரே தாளில் வரிசையாகப் போட்டு அனுப்பினான். "நிறம் மட்டும் இல்லை அக்கா, எல்லாத்திலயும் ஒரே பிழை இருக்கு. நீங்களே பாருங்கோ" என்று ஒரு குறிப்பு.

பெரிய தாளில் அடித்துச் சுவரில் ஒட்டினோம். நான் பார்த்தேன். அவள் பார்த்தாள். "நல்லாத்தானே நிக்குதுகள்" என்றேன். சாப்பாடு கொண்டுவந்த பவ்ஸான் பார்த்து, "வடிவா இருக்கே, என்ன குறை?" என்று கேட்டான். கொப்பி அடிக்க வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நிதர்சனுக்கே ஃபோன் போட்டோம்.

"கண்ணைப் பாருங்கோ அக்கா. ஒண்டுகூடக் கண்ணை முழுசாத் திறக்கேல்ல. காதெல்லாம் பின்னுக்கு மடிஞ்சு கிடக்கு. எல்லாம் இடப்பக்கம் பாத்துக்கொண்டு நித்திரை தூங்குதுகள்."

"முழுசாத் திறந்தா மண் விழும்தானே?" என்று நுஸ்ரியா கேட்டாள். பகிடிக்கு இல்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

"என்ன மண்?" என்றான் அவன்.

நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். தென்மேற்கில் இருந்து வருகிற சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்து நாய் காதை மடித்து, அரைக்கண்ணோடு நின்றது. கழுதை அப்படி. ஓட்டோக்காரர் அப்படி. குடையோடு போராடிக்கொண்டு போன கன்னியாஸ்திரியும் அப்படி. திரும்பி நுஸ்ரியாவைப் பார்த்தேன், அவளும் அரைக்கண்தான். விளையாட்டு நத்தாருக்கு வருவதால் அவள் கீறுகிற மாதங்கள் எப்போதும் நடுவருஷத்துச் சோளக மாதங்கள். அவளுடைய ஜன்னலுக்குச் சோளகம் அடிப்பது எப்போதும் இடப்பக்கத்தில் இருந்து. உலகத்தில் சீவன் என்றால் இப்படித்தான் நிற்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். நானும் நினைத்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எங்கள் ஊருக்கு முகமே தெரியாமல் இருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. போய் இருந்து திருவலையனின் கண்ணைத் திறந்து கீறினாள். காதை நிமிர்த்தினாள். பளிச்சென்று வந்தது, சந்தையில் தொங்குகிற பிளாஸ்ரிக் பொம்மைபோல. நிதர்சன் பார்த்துவிட்டு, இது வேறு எத்தனையோ விளையாட்டில் இருக்கிறதே என்றான்.

"மூடினா பழைய பிராணி, திறந்தா ஊரான்ர பிராணி. நான் என்ன செய்ய அக்கா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பெரியவர் முடிவு சொல்கிறதாக இருந்தது. மாமியோ புத்தளத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தா. ஆடு, மாடு என்று சொல்லி வழிமறிக்கவும் ஆளில்லை.

வியாழக்கிழமை முள்ளிக்குளத்தில் இருந்து ஓர் அண்ணன் மனைவியோடு வந்தார். அடையாள அட்டைக்கு அவர் கொடுத்த படத்தை, கண் மூடியிருக்கிறது என்று அரசாங்கக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் ஊரில் இது வழக்கம். வெயிலிலும் காற்றிலும் வந்து கமராவுக்கு முன்னால் இருந்தால் கண் தானாகச் சுருங்கிக் கிடக்கும். அதைத் திறக்கவைப்பதுதான் என் பெரிய வேலை. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் கயிற்றோடு தொங்கவிடுவேன். கொண்டையில் குத்தின சீப்பு ஆட, என் கண்ணை உருட்டி முழுதாகத் திறந்து காட்டுவேன். ஒரு கையை மேலே தூக்கி, இங்கே பாருங்கோ என்று கன்னம் உப்ப ஒரு சத்தம் வைப்பேன். செய்துகாட்டாமல் சனத்துக்கு விளங்காது.

"கண்ணைத் திறவுங்கோ அண்ணன்!"

அவர் இன்னும் சுருக்கினார். நான் இன்னும் பலமாகச் சொன்னேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பின்னால் நின்ற மனைவியும் கண்ணைச் சுருக்கினா. கொப்பிக்கு நின்ற வரிசை முழுக்கச் சுருக்கியது. பின்பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நுஸ்ரியா. அந்த மாதம் முழுக்க அவள் சிரித்து நான் காணவில்லை.

"அக்கா, ஒருக்கா அப்பிடியே நில்லுங்கோ" என்றாள்.

"ஏன், நான் என்ன கழுதையோ, நில் எண்டா நிக்க?" என்று ஏசிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவள் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

பின்னேரம் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் ஒரு பெரிய பிராணி. உடம்பு காற்றுப் பிடித்த பாய்மரம். கன்னம் இரண்டும் பேத்தை மீன்போல உப்பியிருந்தது. தலையில் ஒரு கொண்டை, கொண்டையில் சீப்பு மாதிரி ஒரு முள்ளு. கழுத்தில் கயிற்றில் தொங்கும் இரண்டு சிப்பி. ஒரு கை மேலே. கண் இரண்டும் இடியப்பத் தட்டு அளவில், முழுதாகத் திறந்து கிடந்தன.

"நாலு பாகமா அதுகள் எல்லாம் ஏன் இடப்பக்கம் பாத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்குதுகள் தெரியுமோ அக்கா?" என்று கேட்டாள். "இடப்பக்கத்தில இது நிக்குது. காத்தே இதிட்டயிருந்துதான் வருது. அதுதான் இதுக்கு மட்டும் கண் திறந்திருக்கு. பேர் சோளகி."

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். திருவலையன், உரலாமை, ஆட்டுக்கல்லுக் கொக்கு, நீலத் திருவலையன், எல்லாம் ஒரே திசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றன. அந்தத் திசையில் இவளை வைத்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் பிழையாகக் கிடந்தது முழுவதும் ஒரு கதையாக எழும்பி நின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"கண் கொஞ்சம் பெரிசு. கன்னமும் கூட வீங்கியிருக்கு. கை ஏன் ஆரையோ ஏசுறமாதிரி நிக்குது? அந்தக் கொண்டையையெண்டாலும் கொஞ்சம் வடிவாக் கீறு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மாமிக்குக் காட்டாமல் கொழும்புக்கு அனுப்பிய முதல் பிராணி அதுதான். "மாமி ஏலாதெண்டு சொன்னா நான் திருப்பி வாங்கிடுவன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நிதர்சன் வீடியோவில் வந்தபோது அவனுக்குப் பின்னால் ஏழெட்டுத் தலை தெரிந்தது. எல்லோரும் பழைய பாகங்களைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரே கிட்ட வந்து, முதலாம் பாகத்திலேயே இதைத் திட்டம் போட்டு வைத்தாயா என்று கேட்டார்.

"வேற என்னெண்டு நினைச்சனீங்கள்?" என்று நான் பின்னால் இருந்து குரல் கொடுத்தேன்.

நுஸ்ரியாவுக்குப் பொய் வராது. "நான் திட்டம் போடேல்ல சேர், காத்துத்தான் போட்டது" என்றாள். அவர்கள் அதைப் பெரிய தத்துவம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வேலை அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இனி மாமி ஒருவர்தான் பாக்கி.

மாமி புத்தளத்து பஸ்ஸால் இறங்கி நேரே கடைக்கு வந்தா. கதிரையில் இருந்தா. கண்ணாடியைப் போட்டா. பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தா.

"இது ஏலாது மகள்."

நுஸ்ரியாவின் முகம் செத்துவிட்டது. "ஏன் மாமி? இது எங்கயும் இல்லாத பிராணி."

"எங்கயும் இல்லையோ? அல்லாஹ் படைச்சு, மன்னார் பஸ் ஸ்டாண்டில கடையும் போட்டுக் குடுத்து வைச்சிருக்கிறான்." மாமி என் பக்கம் கையைக் காட்டினா. "கொண்டையைப் பார், சீப்பைப் பார். படத்தில சத்தம் மட்டும்தான் இல்லை."

கடையில் நின்ற சனம் என்னைப் பார்த்தது, திரையைப் பார்த்தது. நானும் திரையைப் பார்த்தேன். கழுத்துக் கயிற்றைப் பார்த்தேன். என் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு எனக்கு வந்தது கோபம். கண்ணை உருட்டி, கையைத் தூக்கி, "என்னையோடி பூதமாக் கீறி உலகம் முழுக்க விடப் பாத்தனி?" என்று கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாமி மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தா. "சட்டப்படி இது கூடாதுதான். ஆனா ஆடு மாட்டைப் போல அல்லாஹ் இதையும் கூட்டங் கூட்டமாப் படைச்சிருந்தா, திரும்பக் கீறினதெண்டு சொல்லலாம். இது ஒண்டே ஒண்டுதானே இருக்கு. ஆளிட்டயே கேள் மகள். ஆளுக்குச் சம்மதமெண்டா எனக்கும் சம்மதம்."

நுஸ்ரியா என்னைப் பார்த்தாள். அவளுடைய பெயர், அவளுடைய திருவலையன், நாலு பாகம், இனி வரப்போகிற பாகம், எல்லாம் இப்போது என் வாயில் இருந்தது. அவள் கெஞ்சவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, ஆனால் சிமிட்டவில்லை. இத்தனை வருஷமாக அவளை எனக்குத் தெரியும். அந்தக் கண் இரண்டும் முழுதாகத் திறந்து அன்றுதான் கண்டேன். அவ்வளவு பெரிய கண் அவளுக்கு. இந்தப் பிள்ளை தன் பிராணிகள் எல்லாவற்றையும் என்னைப் பார்த்து நிற்கவைத்திருக்கிறாள் என்று நினைக்க, சந்தோஷம் தாங்க முடியவில்லை.

"கொண்டையைக் கொஞ்சம் வடிவாக் கீறு" என்றேன்.

நத்தாருக்கு ஐந்தாம் பாகம் வந்தது. சனம் பழைய பாகங்களை எல்லாம் திரும்பத் திறந்து பார்த்து, நாலு பாகமாக எங்களுக்கு விளங்கவில்லையே என்று எழுதிக் குவித்தார்கள். தொடக்கத்தில் 'பிராணிகள்: நுஸ்ரியா' என்ற வரி இருக்கிறது. கொண்டை இன்னும் வடிவில்லை, நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிற பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டதும், சோளகி என்று முணுமுணுத்து, தாங்களாகவே கண்ணைப் பெரிதாகத் திறந்து பார்க்கிறார்கள். கந்தோரில் இருந்து ஒரு படமும் திரும்பி வருவதில்லை.